கையை விட்ட பந்து

மாலையில் மாட்டுங்கா நிலையத்தில் வண்டி வந்து நின்று அலுவலகக் கூட்டம் இறங்குகின்ற வேளையில், தம் உயரத்திற்கு ஏறக்குறைய நிகரான பைகளைச் சுமந்துகொண்டு சிறுவர் சிலர் அதே வண்டியில் ஏற முயல்வதை நம்மில் பலரும் கண்டிருக்கின்றோம். பை பெரிதாயின் மட்டை பிடிப்பவன், சிறிதாயின் பந்து வீசுபவன் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். நெரிசலில் அப்பை நம் விலாவில் இடிக்கும்போது முகம் சுளிக்கின்றோம். 'படிக்கிற வயதில் இது எதற்கு? இதனால் என்ன கிடைக்கப் போகிறது?' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்கின்றோம். சில வேளைகளில் நம் வீட்டுப் பிள்ளையிடமே வாய்விட்டுக் கேட்டும் விடுகின்றோம்.

அக்கேள்வி நியாயமானதா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது. நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இடம் பெற்றவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியமர்ந்தனர். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் தங்கினர். கற்பது சோறு போடுமா என்று கேட்காமல் கற்றிருந்தால் நாம் இங்குக் காலூன்றியிருக்க இயலாது. ஆகவே அக்கேள்வியைப் பேராசை என்று எவரும் இகழ்ந்துவிட முடியாது. அது நம் முன்னோரின் பசியிலிருந்து பிறந்தது. ஆயினும் பசி தீர்ந்து இரண்டு தலைமுறை கடந்த பின்னும் அக்கேள்வி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளின் உழைப்பை அளக்கலாமா? திறக்குமா திறவாதா என்று அறிய முடியாத ஒரு வாயிலின் முன் பிள்ளையை நிறுத்துவது அறமா? திறக்கவில்லையெனில் அவன் நின்ற காலமெல்லாம் வீணா?

இதனை ஆராய்வதற்குப் பந்து வீசும் கலையைப் போல் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறொன்றைக் காண்பது அரிது. மற்றக் கலைகளில் நம் செயல் எங்கே முடிகின்றது, பிறர் செயல் எங்கே தொடங்குகின்றது என்பது குழம்பிக் கிடக்கும். பந்து வீச்சில் அக்குழப்பம் இல்லை. பந்து விரலை விட்டு நீங்கும் அக்கணம் வரை எல்லாம் வீசுபவனுடையது. நீங்கிய பின் காற்று, மண், மட்டையாளன், பிடிக்க நிற்பவன், நடுவர் என்று பலரும் அதற்கு உரிமை கொண்டாடத் தொடங்கிவிடுகின்றனர்.

இடக்கையால் சுழற்பந்து வீசக் கற்கும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 156 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மிகாமலும் உள்ள தோல் பந்து. அதன் தையலுக்குக் குறுக்காகச் சுட்டுவிரலும் நடுவிரலும் விரிந்து படிய வேண்டும். சுழற்றும் வேலை சுட்டுவிரலுடையது. ஓடிவருவது நாலைந்து எட்டுகளே. வலது காலை முன்னூன்றி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, அக்காலையே அச்சாகக் கொண்டு இடுப்பும் தோளும் சுழன்று வர, கை உச்சியைத் தொடும் இடத்தில் பந்து விடைபெற வேண்டும். தலை ஆடலாகாது. இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். உடம்பு கேட்டுக்கொள்ளத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

பழைய ஆசிரியர்கள் ஆடுகளத்தில் ஒரு கைக்குட்டையை விரித்துவிட்டு, அதன் மேல் பந்தைப் போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எதிரே மட்டையாளன் இல்லை. கைதட்டுவாரும் இல்லை. வீசிய பந்தை நடந்து சென்று தானே எடுத்து வந்து மீண்டும் வீச வேண்டும். சுட்டுவிரலின் ஓரத்தில் தோல் கன்றும், பின் உரியும், பின் காய்த்துப்போகும். கைக்குட்டை எங்கே விழ வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மட்டையாளன் முன்னே வருவதா, பின்னே செல்வதா என்று மனம் இரண்டுபடும் இடம் அது. முன்னோக்கிச் சுழலும் பந்து அவன் கண்மட்டத்திற்கு மேலே எழுந்து, தன்னிடம் வந்துவிடும் என்று அவனை நம்ப வைத்துவிட்டு, அச்சுழற்சியின் காரணமாகவே கடைசியில் சட்டென்று தாழ்ந்து, அவன் எதிர்பார்த்ததற்கு ஒரு சாண் முன்னால் விழுகின்றது. விழுந்த பின் திரும்புவது எல்லாருக்கும் தெரியும். விழுவதற்கு முன் காற்றில் நடப்பதே கலை என்பர் அறிந்தோர்.

இந்நகரத்தில் மண்ணும் மழையும் சேர்ந்து இக்கலைக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்துகின்றன. 1948-இல் தொடங்கிய காங்கா லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடப்பவை. ஈர ஆடுகளத்தில் பந்து ஒரு முறை வழுக்கும், மறுமுறை நின்று எழும். மட்டையாளனுக்கு அது சோதனை. வீசுபவனுக்கோ மண்ணின் குணத்தைப் படிக்கும் பாடம். தாராவிச் சந்துகளில் இன்னொரு வகைப் பாடம் நடக்கின்றது. கையை உயர்த்தி வீச அங்கே இடம் கிடையாது. தாழ்வாகத்தான் வீச வேண்டும். பந்து யார் வீட்டுக்குள் போனாலும் அடித்தவன் ஆட்டமிழந்தான் என்பது சந்துச் சட்டம். ஆகவே இரண்டு முழ அகலத்திற்குள் நினைத்த இடத்தில் பந்தைப் போடும் கண்ணும் கையும் அப்பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே வாய்த்துவிடுகின்றன. அதனை எவரும் திறமை என்று அழைப்பதில்லை என்பது வேறு செய்தி.

அமெரிக்காவில் நம் உறவினர் பலர் இருப்பதால் அங்குள்ள பேஸ்பால் ஆட்டத்தையும் ஒருசிறிது ஒப்பிடலாம். அங்கே எறிபவன் நிற்பதற்கென்று மண்ணை உயர்த்தி மேடு கட்டியிருக்கின்றனர். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிகின்றான். பந்து நிலத்தைத் தொடுவதே இல்லை. காற்றோடு அவன் கணக்கு முடிந்துவிடுகின்றது. 2008-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த எறிபந்துத் தேர்வு ஒன்றில் வென்ற ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் உத்தரப் பிரதேச இளைஞர் இருவர், அதற்கு முன் அவ்வாட்டத்தை ஆடியறியாதவர்கள். ஈட்டி எறிந்து பழகிய கை அவர்களுடையது. அமெரிக்கா சென்று சில திங்கள் பயின்று, அவ்வாண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் அணியினரின் ஒப்பந்தத்தைப் பெற்றனர். வலிய கைக்கு எறியும் முறையை விரைவில் கற்பித்துவிட முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் இருவரும் அங்குள்ள முதல்நிலைப் போட்டிகளை எட்டவில்லை. ரிங்கு சிங் பின்னர் மற்போர் வீரரானார்!

அங்கே முறையாக உள்ள அந்த முழங்கை மடிப்பு இங்கே குற்றம். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் பந்தை வீசவில்லை, எறிகின்றார் என்று நடுவரால் ஏழு முறை தடுக்கப்பட்டார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அவருடையது. ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தார்கள். பிறருடைய கைகளையும் அளந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நெகிழ்வு ஏறத்தாழ எல்லாரிடமும் இருப்பது வெளிப்பட்டது. 2005-இல் 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி வகுக்கப்பட்டது. 2010-இல் 800 விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். கை ஒருவருடையதாகவும், அது நேர்மையான கையா என்று தீர்ப்புக் கூறும் கண் வேறொருவருடையதாகவும் இருப்பது இக்கலையின் இயல்பு போலும்.

நம் கேள்விக்கு நேரான எடுத்துக்காட்டோ இவர்கள் அல்லர். சிவாஜி பார்க்கிலிருந்து புறப்பட்டு இந்நகரத்திற்காக உழைத்த பத்மாகர் ஷிவல்கர். 1973-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒருபுறம் வெங்கட்ராகவன் தலைமையில் தமிழ்நாடு. மறுபுறம் அஜித் வாடேகர் தலைமையில் தொடர்ந்து பதினான்கு ஆண்டுகள் கோப்பையை விடாத பம்பாய். அன்று மாட்டுங்காத் தமிழர் எப்பக்கம் நின்றனர் என்று கேட்டால் இன்றும் வீடுகளில் சண்டை வரலாம்! ஊர்ப் பாசம் ஒருபுறம், உண்ட சோறு மறுபுறம்.

பந்து முதல் நாளே சுழன்றது. பம்பாய் 151 ஓட்டங்களில் சுருண்டபோது நம்மவர்க்கு நம்பிக்கை பிறந்திருக்கும். அதன் பின் ஷிவல்கர் பந்தைக் கையிலெடுத்தார். 16 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகள். தமிழ்நாடு 80. இரண்டாம் முறை பம்பாய் 113-க்கு ஆட்டமிழந்தும் பயனில்லை. ஷிவல்கர் மீண்டும் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்த, தமிழ்நாடு 61-இல் முடிந்தது. ஐந்து நாள் நடக்க வேண்டிய ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தோடு தீர்ந்தது. சுழற்பந்தை ஆடுவதில் தேர்ந்தவர்கள் என்று பெயர் பெற்ற நம் ஊரார், தம் சொந்த மண்ணில், ஒரு மனிதரின் விரல்களுக்கு விடை காண இயலாமல் நின்றனர். தோற்றவர்களும் வாயடைத்து வியந்த வீச்சு அது.

முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 589. ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக இருபதுக்கும் குறைவு. இந்தியாவுக்காக அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

காரணம் எல்லாரும் அறிந்ததே. அதே காலத்தில் அதே இடக்கைச் சுழற்பந்தை வீசிய பிஷன் சிங் பேடி என்னும் மாமேதை 1966 முதல் 1979 வரை அந்த ஓர் இடத்தில் அமர்ந்திருந்தார். அரியாணாவின் ராஜிந்தர் கோயலும் அவ்வாறே வாயிலில் நின்றவர். 750 விக்கெட்டுகள் எடுத்தும் உள்ளே அழைக்கப்படாதவர். 1979-இல் பேடி விலகியபோது அவ்விடம், முப்பதைக் கடந்திருந்த திலீப் தோஷிக்குக் கிடைத்தது. ஷிவல்கருக்கு அப்போது வயது 39.

இங்கே நம் மாட்டுங்கா ஒரு விந்தையான பாத்திரம் ஏற்கின்றது. 1981-இல் தோஷிக்குக் காயம் ஏற்பட்டது. அவருக்கு மாற்றாக நியூசிலாந்துக்கு அழைக்கப்பட்டவர் ரவி சாஸ்திரி, மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் பயின்ற, பதினெட்டே வயதான இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அவ்வாண்டு பெப்ரவரியில் வெலிங்டனில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அவருடைய திறமையையோ நெஞ்சுரத்தையோ நாம் குறைத்துச் சொல்லவில்லை. பின்னாளில் 80 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் அதனை மெய்ப்பித்தார். ஆனால் சிவாஜி பார்க்குக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்தே கடக்கக்கூடியது. ஒரே கலை, ஒரே நகரம், ஒரே கை. ஒருவருக்குப் பதினெட்டில் திறந்த வாயில் மற்றவர்க்கு ஆயுள் முழுதும் திறக்கவில்லை.

நம் நாளில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். தமிழ்நாட்டு அணிக்குள் நுழைந்த 2015-ஆம் ஆண்டிலேயே, பந்து வீசும் முறை ஐயத்திற்குரியது என்று அறிக்கை எழுதப்பட, கையை முதலிலிருந்து புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. 2020-இல் ஆஸ்திரேலியப் பயணத்திற்கு அவர் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது மட்டையாளர்களுக்கு வலைப்பயிற்சியில் வீசுவதற்காக. பிறர் சிறப்பதற்குத் துணையாக வீசுவது மட்டுமே முதலில் அவருக்குக் குறித்த வேலை. மற்றவர்கள் காயமுற்றுச் சாயச் சாய, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் வென்ற அணியில் இருந்தார். நாம் மகிழ்ந்தோம். ஆயினும் அதே வலையில் பல ஆண்டுகள் வீசிவிட்டு, எவரும் காயமுறாததால் வீடு திரும்பியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா.

இவற்றையெல்லாம் எண்ணும்படி நம்மைத் தூண்டியது ஒரு குற்றவுணர்வு என்பதை மறைப்பானேன்? செம்பூரில் நாம் குடியிருந்த கட்டடத்தில் இடக்கைச் சுழற்பந்து வீசும் சிறுவன் ஒருவன் இருந்தான். பதினொரு வயதிலிருந்து விடியற்காலை வண்டியில் மைதானத்திற்குப் போய்விட்டுப் பள்ளிக்குச் செல்வான். பதினைந்தாம் வயதில் அவ்வயதினருக்கான அணித் தேர்வில் கடைசிப் பட்டியல் வரை வந்து, பெயர் விடுபட்டுப் போயிற்று. தகப்பனார் நம்மை அழைத்துப் பிள்ளைக்குப் புத்தி சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். நாமும் சொன்னோம். பத்தாம் வகுப்பின் அருமையைச் சொன்னோம். பொறியியல் கல்லூரியைச் சொன்னோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாலு வருஷம் வீணாப் போச்சே, தம்பி" என்றும் சொன்னோம். அவன் பதில் பேசவில்லை. கையிலிருந்த பந்தைக் காலணி அடுக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். அந்தப் பந்து அங்கேயே பல மாதங்கள் இருந்தது. தூசி படிவதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தோம்.

அவன் வாழ்வு கெட்டுவிடவில்லை. நன்றாகப் படித்தான், நல்ல வேலையில் இருக்கின்றான். நாம் கூறிய அறிவுரை சரியென்பதற்கு அதனையே சான்றாகக் காட்டலாம். அறிவுரை சரியாகவே இருக்கட்டும். 'வீண்' என்ற சொல் சரியா? கைக்குட்டையின் மேல் பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் அவன் ஒன்றைச் சரியாகச் செய்தான். அது சரியாகச் செய்யப்பட்டது என்பதை அவனுக்கு எந்தத் தேர்வுக்குழுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது தவறும்போது எதனால் தவறிற்று என்று தேடவும், தன்னிடமே பொய் சொல்லாமலிருக்கவும் அவன் பழகினான். பட்டியல் எழுதியவர்கள் அவனுக்கு இடம் இல்லை என்றுதான் கூறினர். அவன் வீசியது பந்தே இல்லை என்று கூறியவர்கள் நாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனைச் சொல்லாவிடில் நாம் நேர்மையற்றவராவோம். 'பலன் கருதாமல் உழைத்தாலே போதும், கலையே தனக்குப் பரிசு' என்று மேடைகளில் முழங்குவோர் பெரும்பாலும் பரிசு பெற்றவர்களாகவே இருக்கின்றனர். பெறாதவனிடம் அதனைச் சொல்வது பசித்தவனுக்கு விரதத்தின் மேன்மையை எடுத்துரைப்பது போன்றது. ஷிவல்கருக்கு வருத்தம் இல்லாமலில்லை. இருந்தது என்பதை அவரும் மறைக்கவில்லை. 2017-இல் அவருக்கும் கோயலுக்கும் கிரிக்கெட் வாரியம் சி. கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருது வழங்கிற்று. விருது நல்லதுதான். ஆனால் அது பந்து அன்று. 2025 மார்ச் 3 அன்று அவர் மறைந்தபோது, தாம் தலைவராக இருந்த காலத்தில் தேர்வாளர்களை இணங்கச் செய்து அவரை டெஸ்ட் அணியில் சேர்க்க முடியாமற்போனதற்காகச் சுனில் கவாஸ்கர் வருந்திப் பேசினார். அவருக்கு ஓர் இழப்பு நேர்ந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அவ்வருத்தம், கலையே பரிசு என்னும் ஆறுதலைக் காட்டிலும் மரியாதையானது என்று நமக்குத் தோன்றுகின்றது.

ஆகவே இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஷிவல்கருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. ஷிவல்கர் நல்ல பந்து வீச்சாளர். முன்னது பின்னதைக் குறைக்கவில்லை. பின்னது முன்னதை ஈடுசெய்யவும் இல்லை. 1987-88-ஆம் ஆண்டுப் பருவத்தில், நாற்பத்தேழு வயதில், இனி எந்த வாயிலும் திறக்கப் போவதில்லை என்று நன்கறிந்த நிலையில் அவர் பம்பாய்க்காக மீண்டும் களமிறங்கிப் பந்து வீசினார். எதற்காக வந்தார் என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. வந்தார் என்பதே நமக்குப் போதுமானது.

பிள்ளைகளை மைதானத்திற்கு அனுப்பும் பெற்றோருக்கு நாம் சொல்லத் துணிவது இதுவே: வாயில் திறக்காமலும் போகலாம் என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே மறைக்காமல் சொல்லுங்கள். பணக்கணக்கையும் சொல்லுங்கள். படிப்பையும் கேளுங்கள். மாலையில் அவன் திரும்பி வரும்போது மட்டும், 'பட்டியலில் பெயர் வந்ததா?' என்பதற்கு முன்னால், 'இன்று பந்து எப்படி விழுந்தது?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவன் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டான், சோறு ஆறிவிடும்.

சென்ற ஆண்டு, 2025 நவம்பர் 2 அன்று, நவி மும்பையில் நம் நாட்டு மகளிர் உலகக்கோப்பையை வென்ற இரவில், ஐந்து விக்கெட்டுகளைச் சுழற்பந்தால் வீழ்த்திய தீப்தி சர்மாவைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தானும் கற்க வேண்டும் என்று தகப்பனிடம் கேட்டிருக்கின்றது. அந்தத் தகப்பன் வேறு யாருமில்லை, செம்பூர்க் கட்டடத்துப் பிள்ளைதான். சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்திருந்தபோது, "சேர்த்துவிடட்டுமா மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். பழைய சொல்லை அவன் நினைவில் வைத்திருக்கின்றானா என்று முகத்தைப் பார்த்தோம், தெரியவில்லை. நாம் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கையில், மேசைமேல் இருந்த சாத்துக்குடி ஒன்றை எடுத்து, குழந்தையின் விரல்களைப் பிரித்து அதன் மேல் வைத்து, "இந்த விரல்தான் சுத்தணும், கட்டை விரல் சும்மா இருக்கட்டும்" என்று காட்டத் தொடங்கினான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பந்தைத் தொடாதவன். சுட்டுவிரல் ஓரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.